புகை பீர் செய்தேன், பிளாஸ்திரி வாடை வருகிறது. எங்கே தப்பு?

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 3

வணக்கம். ஏழெட்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வருடம் வேலை விஷயமாக ஜெர்மனி போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பெர்க் என்ற ஊரில் இறங்கி, ஷ்லென்கெர்லா என்ற பழைய பீர் ஆலையின் விடுதியில் புகை பீர் குடித்தேன். மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, புகையில் காய வைத்துச் செய்வது. முதல் வாய்க்கு, யாரோ விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மறந்துவிட்ட பீர் என்றுதான் தோன்றியது. இரண்டாவது கிளாஸ் முடிந்தபோது எழுந்திருக்க மனமில்லை. அன்றிலிருந்து இதை வீட்டில் செய்தே தீர்வது என்று ஒரு பிடிவாதம்.

செய்தும் விட்டேன். 20 லிட்டருக்கு என் கணக்கு: புகை மால்ட் 3 கிலோ, மியூனிக் மால்ட் 1.6 கிலோ, காராமியூனிக் 350 கிராம், நிறத்துக்குக் கராஃபா 50 கிராம். 67 டிகிரியில் ஒரு மணி நேரம் மாஷ் (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊற வைப்பது), வடித்த சாற்றுக்கு 90 நிமிடம் கொதி. கசப்புக்கு ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ என்ற ஹாப்ஸ் பூ, கடைசி ஒரு மணி நேரத்துக்கு 45 கிராம், கடைசிக் கால் மணிக்கு 15 கிராம். 34/70 என்ற லாகர் (குளிரில் புளிக்க வைக்கும் பீர்) ஈஸ்ட் இரண்டு பொட்டலம். 11 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு 17 டிகிரியில் இரண்டு நாள், அப்புறம் ஃபிரிட்ஜில் ஐந்து வாரம். அடர்த்தி (தண்ணீர் 1.000, சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இறங்கும்) 1.054இல் தொடங்கி 1.014இல் நின்றது.

நேற்று முதல் பாட்டிலைத் திறந்தேன். புகை இருக்கிறது, ஆனால் பாம்பெர்க் புகை இல்லை. பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது ஒரு வாடை வருமே, அது. கூடவே கொஞ்சம் அயோடின். மனைவி முகர்ந்துவிட்டு, "இதில் எதற்கு டெட்டால் ஊற்றினீர்கள்?" என்று கேட்டாள்.

60 சதவீதம் புகை மால்ட் அதிகமா? 20 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றுவதற்கு முன்னால் யாராவது வழி சொல்லுங்கள்.

---

கறார்பேர்வழி | சிங்கப்பூர் | நவம்பர் 3

அறுபதா! கேட்கவே வேண்டாம், அதுதான் தப்பு. புகை என்பது பெருங்காயம் மாதிரி. சாம்பாரில் இருப்பது தெரிய வேண்டும், கட்டியாகக் கடிபடக் கூடாது. நான் 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதுவே என் நண்பர்களுக்கு அதிகம்.

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 4

கறாரண்ணா, அளவு கூடினால் புகைதான் கூடும், பிளாஸ்திரி வராது. இரண்டும் வேறு சரக்கு.

மரம் எரியும்போது அதன் லிக்னின் உடைந்து குவையாகால், சிரிங்கால் என்று சில பொருள்கள் உண்டாகும். புகையூட்டிய இறைச்சியின் மணம் பெரும்பாலும் அவற்றால்தான். பாம்பெர்க் பீரைக் குடித்த எல்லோரும் "பன்றித் தொடை வாசம்" என்று சொல்வதும் அதனால். ஹாமுக்குப் போடும் பீச் மரப் புகையைத்தான் அங்கே மால்ட்டுக்கும் போடுகிறார்கள்.

நீங்கள் சொல்வது குளோரோஃபீனால் மாதிரித் தெரிகிறது. மால்ட்டில் ஃபீனால் எப்போதும் கொஞ்சம் இருக்கும், புகை மால்ட்டில் நிறையவே இருக்கும். அதோடு தண்ணீரில் இருக்கும் குளோரின் சேர்ந்தால் போதும், துளிக்கும் துளி அளவே நாக்கில் தெரியும். உங்கள் மனைவி டெட்டால் என்று சொன்னது சும்மா இல்லை. டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினாலும் குளோரின் ஏறிய ஒரு ஃபீனால்தான்.

மூன்று கேள்வி. ஒன்று, உங்கள் ஊர்த் தண்ணீரில் போடுவது குளோரினா, குளோரமினா? குளோரின் என்றால் கொதித்தால் போய்விடும், குளோரமின் அவ்வளவு சுலபமாகப் போகாது. இரண்டு, பாத்திரம் கழுவ பிளீச் உபயோகித்தீர்களா? மூன்று, பாட்டிலில் போட்ட பிறகு அடர்த்தி இன்னும் இறங்கியிருக்கிறதா?

---

வேடிக்கை மட்டும் | கோயம்புத்தூர் | நவம்பர் 4

நான் செய்ய முடியாது, தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்ச அனுமதி இல்லை. படிக்கத்தான் வருகிறேன். ஒரு சந்தேகம்: இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பதில் கடையில் விற்கும் திரவப் புகையில் நாலு சொட்டு விட்டால் ஆகாதா?

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 4

நானும் ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். சிகரெட் சாம்பல் தட்டைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. வேண்டாம்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 4

அக்கா, மூன்றுக்கும் பதில். இங்கே குளோரமின்தான். ஆனால் முந்தின இரவே, குளோரமினை நீக்கும் காம்ப்டன் மாத்திரை அரை போட்டுக் கலக்கிவிட்டேன். ஒரு மாத்திரை 75 லிட்டருக்கு என்பதால் அரையே அதிகம். பிளீச் வீட்டுக்குள்ளேயே கிடையாது, ஸ்டார் சான் என்ற கிருமிநாசினிதான். இன்று ஒரு பாட்டிலில் வாயுவை ஆட்டி எடுத்துவிட்டு அளந்தேன். அதே 1.014, அசையவில்லை.

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 5

அப்படியானால் தண்ணீரும் இல்லை, காட்டு ஈஸ்ட்டும் இல்லை. காட்டு ஈஸ்ட் புகுந்திருந்தால் கிராம்பு வாசம் வரும், அடர்த்தியும் 1.014இல் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். யோசிக்கிறேன்.

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | நவம்பர் 5

வணக்கம் தம்பி. நான் இங்கே முப்பது வருசமாக இருக்கிறேன். பாம்பேர்க் வடக்கே 60 கிலோமீற்றர்தான், ரெயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது போய் வருவேன். ஆகவே கொஞ்சம் நீட்டிக் கதைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கறார் சொல்லும் பெருங்காயக் கதை எனக்கு விளங்கவில்லை. ரௌஹ்பியரில் (புகைப் பியரின் ஜேர்மன் பெயர்) புகை தாளிதம் இல்லை, அதுதான் சோறு. பழைய காலத்தில் அநேகமாக எல்லாப் பியருமே புகைப் பியர்தான். முளைத்த பார்லியை வெயிலில் காய வைக்கலாம், இல்லாவிட்டால் நெருப்பின் மேல் காய வைக்கலாம். பாம்பேர்க் இருக்கும் பிராங்கோனியாவின் குளிரில் வெயிலை நம்பி இருக்க ஏலுமா? விறகு எரித்தால் புகை தானியத்தில் ஏறத்தான் செய்யும். புகை படாமல் சூட்டை மட்டும் அனுப்பும் உலைகள் வந்த பிறகு, ஊர் ஊராக அந்தச் சுவை அழிந்துபோனது. பாம்பேர்க்கில் இரண்டு இடம் விடவில்லை: ஷ்லென்கெர்லா, ஸ்பெட்சியால். முதலாவதற்கு 1405 வரைக்கும் பதிவு இருக்கிறது, இரண்டாவது 1536. தீப்பிடித்த மடத்தில் புகை பட்ட மால்ட்டை வீணாக்க மனமில்லாமல் காய்ச்சியதுதான் முதல் ரௌஹ்பியர் என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதை, சுற்றுலாக்காரருக்குப் பிடிக்கும். நான் நம்பவில்லை.

இரண்டு இடமும் இன்றைக்கும் தங்கள் மால்ட்டைத் தாங்களே பீச் விறகில் புகைக்கிறார்கள். ஆனால் சுவையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஷ்லென்கெர்லாவின் மேர்ட்சன் என்ற லாகர் 5.1 சதவீதம், கறுத்த பழுப்பு, நல்ல கனமான புகை. மரப் பீப்பாயிலிருந்து நேரே கிளாசில் இறக்குவார்கள். ஸ்பெட்சியாலின் லாகர் மெலிது. புகை பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். கறார் ஸ்பெட்சியாலுக்குப் போனால் நிம்மதியாக இருப்பார். அதே தெருவில் எதிரே ஃபெஸ்லா என்ற பியர் ஆலை இருக்கிறது, புகை வேண்டாம் என்றால் றோட்டைத் தாண்டினால் சரி.

ஷ்லென்கெர்லாவின் கிளாஸ் அட்டையிலேயே ஒரு புத்தி எழுதியிருக்கும்: முதல் மிடறு விசித்திரமாக இருந்தால் நிறுத்தி விடாதே என்ற பொருளில். உள்ளூர்ச் சனம் மூன்றாவது ஸைட்லாவில்தான் சுவை பிடிபடும் என்பார்கள். ஸைட்லா என்றால் இங்கே அரை லிற்றர்.

இப்ப உங்கள் விசயம். கிளாசில் மருந்துக்கடை மணக்குது என்றால், பீச் மரத்தின் மேல் பழி போட நான் விடமாட்டேன். கன வருசமாகக் குடிக்கிறேன், ஒரு நாளும் அப்படி மணந்ததில்லை. "புகை மால்ட்" என்று எழுதினீர்கள். எந்தப் புகை? வாங்கினதில் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் நாலு மணியை வாயில் போட்டு மென்று பாருங்கோ.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 5

400 கிராம் போல மிச்சம் இருக்கிறது. கடையில் திறந்த தொட்டியிலிருந்து அள்ளி, அரைத்தே கொடுத்தார்கள். ரசீதில் "ஸ்மோக்டு மால்ட்" என்று மட்டும்தான் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து போய் மென்று பார்க்கிறேன்.

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 5

பெக்னிட்ஸ் அண்ணா, நான் வேதியியலைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் பைக்குள் கை விட்டீர்கள்.

நுரைமீசை, மெல்வதோடு நிற்காமல் டீ போட்டுப் பாருங்கள். 50 கிராம் பொடிக்கு 65 டிகிரியில் 400 மில்லி தண்ணீர், கால் மணி நேரம் மூடி வைத்து, காபி ஃபில்டரில் வடிகட்டுங்கள். பக்கத்திலேயே மியூனிக் மால்ட்டிலும் ஒரு டீ. பீரில் ஈஸ்ட், ஹாப்ஸ் எல்லாம் குறுக்கே வரும். டீயில் மால்ட் தனியாக நிற்கும், தப்ப முடியாது.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 5, இரவு

மென்றேன். டீயும் போட்டேன். இரண்டாவது வாய் போகவில்லை.

சின்ன வயதில் அரசு மருத்துவமனையில் பாட்டியைப் பார்க்கப் போனால், வராந்தாவைத் துடைத்துவிட்டுப் போன ஈரத்தில் ஒரு நெடி நிற்கும். அப்படியே அது. மியூனிக் டீ அருமையாக, ரொட்டித் தோல் மாதிரி இருந்தது. மனைவி அதில் பால் ஊற்றிக் குடித்துவிட்டாள்.

கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ரொம்ப நேரம் தேடிவிட்டு வந்து, "அந்தத் தொட்டியில் இருப்பது பீட்டட் மால்ட், அதுவும் ஸ்மோக்டுதானே" என்றார். என்ன சொல்வது?

---

வேடிக்கை மட்டும் | கோயம்புத்தூர் | நவம்பர் 6

பீட் என்றால் பீட்ரூட்டா?

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 6

இல்லை தம்பி. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிக் கிடந்து உண்டாகும் ஒரு வகை மண். வெட்டிக் காய வைத்தால் வரட்டி மாதிரி எரியும். ஸ்காட்லாந்தில், குறிப்பாக ஐலா தீவில், விஸ்கிக்கான பார்லியை அந்தப் புகையில் காய வைப்பார்கள். அது மரப் புகை இல்லை. ஃபீனாலும் கிரெசாலும் தூக்கலாக இருக்கும். பழைய மருத்துவமனைத் தரை கழுவும் லைசாலே கிரெசாலில் செய்ததுதான். நுரைமீசையின் வராந்தா ஞாபகம் மிகச் சரி. நான்தான் டெட்டால் என்றதும் குளோரின் பக்கம் ஓடிவிட்டேன்.

விஸ்கி ஆட்களுக்கு அந்த மணம் பொக்கிஷம். பீரில் இரண்டு மூன்று சதவீதம் போட்டாலே தெரியும். நீங்கள் போட்டது அறுபது!

---

கறார்பேர்வழி | சிங்கப்பூர் | நவம்பர் 6

நான் சொன்ன மாதிரி 20 சதவீதத்தில் நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது பிழைத்திருக்கும்.

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | நவம்பர் 6

பிழைத்திருக்காது. மெதுவாகச் செத்திருக்கும்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 6

சரி, ஐம்பது பாட்டில் ஐலா லாகர் என்னிடம் இருக்கிறது. இதைக் காய்ச்சி வடித்தால் விஸ்கி ஆகிவிடுமே என்று ஒரு நண்பன் கேட்கிறான்...

---

மட்டுறுத்துநர் | நவம்பர் 6

வடிப்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சலாம், உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம். ஆஸ்திரேலியாவிலும் அனுமதி இல்லாமல் கூடாது. இழையைப் பூட்டவில்லை, தொடருங்கள்.

---

கறார்பேர்வழி | சிங்கப்பூர் | நவம்பர் 6

கலந்துவிடுங்கள். வறுத்த பார்லி போட்ட கறுப்பு பீர், ஸ்டௌட், ஒன்று காய்ச்சி, கிளாசில் ஒன்பது பங்குக்கு இது ஒரு பங்கு. வறுத்த பார்லிக்குள் அந்த நெடி ஒளிந்துகொள்ளும். இதையாவது கேளுங்கள்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 7

ஸ்டௌட் யோசனை நன்றாக இருக்கிறது, செய்கிறேன். கடைக்காரர் பாதிப் பணத்தை அடுத்த பில்லில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். இப்போது பீச் மரப் புகை மால்ட், மூட்டையாக, மூட்டையில் அச்சடித்த பெயரோடு வாங்கப் போகிறேன். வையர்மான் கிடைக்கிறது. அதையும் 60 சதவீதம் போடுவதா, கூட்டுவதா?

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | நவம்பர் 7

வையர்மான் பாம்பேர்க்கிலேயே 1879இல் தொடங்கின மால்ட் ஆலை, ரெயில் நிலையத்துக்குக் கிட்ட. சிவப்புச் செங்கல் கட்டிடம், ஊருக்குள் வரும்போதே தெரியும். அவர்களின் பீச் மால்ட் நல்ல சாமான், ஆனால் ஷ்லென்கெர்லா தனக்கென்று புகைக்கும் மால்ட்டை விட மெல்லியது. நூறு சதவீதம் போட்டும் எனக்கு ஷ்லென்கெர்லா கனம் வந்ததில்லை. முழுக்க அதையே போட்டாலும் மாஷில் பிரச்சினை இல்லை, மாவைச் சர்க்கரையாக்கும் நொதி அதில் போதுமான அளவு இருக்கிறது.

ஆனால் சதவீதத்தை விட முக்கியமான ஒன்றை ஒருவரும் கேட்கவில்லை: மூட்டை எப்ப கட்டினது? புகை பறந்து போகும் சாமான். முதல் வருசம் நான் 25 கிலோ மூட்டை ஒன்றை வாங்கி, வாயைச் சுருட்டி நிலவறையில் வைத்தேன். உடனே காய்ச்சினபோது 50 சதவீதத்தில் நல்ல புகை. எட்டு மாதம் கழித்து அதே மூட்டையில் 80 சதவீதம் போட்டேன். வடிவான ஆம்பர் லாகர் வந்தது, புகையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. இப்ப ஐந்து கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, காற்றுப் புகாத வாளியில் வைப்பேன். 60 போடலாம், 80 போடலாம் என்று அடிபடுகிறவர்கள் எல்லாம் வேறு வேறு வயசு மால்ட்டை வைத்துக்கொண்டு அடிபடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

காய்ச்சும் முதல், ஹாப்ஸ்கொடி சொன்ன டீயைப் போட்டுப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கோ.

---

கறார்பேர்வழி | சிங்கப்பூர் | நவம்பர் 7

இது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வரும் மால்ட் கப்பலில் கிடந்து, கடையிலும் கிடந்துதான் வருகிறது. ஆனாலும் 20இல் எனக்குப் போதுமான புகை வருகிறதே?

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 8

உங்களுடையது எந்த மரம் என்று பார்த்தீர்களா? அமெரிக்கச் செர்ரி மரப் புகை மால்ட் பீச்சை விட நல்ல காரம். அதில் 20 என்பது சின்ன அளவு இல்லை.

---

கறார்பேர்வழி | சிங்கப்பூர் | நவம்பர் 8

செர்ரிதான். பேசாமல் இருக்கிறேன்.

---

வேடிக்கை மட்டும் | கோயம்புத்தூர் | நவம்பர் 8

மால்ட்டை நாமே புகைக்க முடியாதா? கிராமத்தில் வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைப்பார்களே.

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 9

முடியும், வருடத்துக்கு ஒரு தடவை செய்கிறேன். இரண்டு கிலோ பில்ஸ்னர் மால்ட்டில் 100 மில்லி தண்ணீரைத் தெளித்துக் கையால் புரட்டி, அரை மணி நேரம் விட வேண்டும். ஈரத்தோலில்தான் புகை ஒட்டும். பிறகு பொடிக்கண் சல்லடையில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மூடி போட்ட பார்பெக்யூ அடுப்பில் ஒரு ஓரம் நாலைந்து கரித்துண்டு, அதன் மேல் பீச் மரச் சில்லு, எதிர் ஓரத்தில் சல்லடை. ஒன்றரை மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை கிளறல். உள்ளே 50 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை, சூடு மிஞ்சிப் போனால் நொதி சாகும். புகை மெல்லிய நீலமாக இருக்க வேண்டும். கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் பீரில் கரி கசக்கும். ஆற வைத்துக் காகிதப் பையில் ஒரு வாரம் வைத்திருந்துதான் எடுப்பேன், அதற்குள் முரட்டு நெடி அடங்கும்.

பீச் இல்லாவிட்டால் ஆல்டர், ஆப்பிள், ஓக். அலாஸ்காவில் 1988இலிருந்து வரும் ஒரு புகை போர்ட்டர் (கறுப்பு பீர் வகை) ஆல்டரில் புகைத்த மால்ட்டில் செய்தது, அங்கே சால்மன் மீனுக்கும் அதே மரம். பைன், தேவதாரு வேண்டவே வேண்டாம், பிசின் கசப்பு.

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | நவம்பர் 9

மீன் என்றதும் ஞாபகம் வருது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு முதல் ரௌஹ்பியரில் ஹாம் ஞாபகம் வரவில்லை, மாசிக்கருவாடு ஞாபகம் வந்தது. சூரையை அவித்து, புகையில் வாட்டி, கல்லுப் போலக் காய வைத்தது. சம்பலில் அதை இடித்துப் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு மூன்றாவது ஸைட்லா வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. என்னுடைய ஜேர்மன் மைத்துனர்தான் முதல் கிளாசை முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார்.

ஷ்லென்கெர்லாவில் பாம்பேர்க் வெங்காயம் என்று ஒரு சாப்பாடு. முழு வெங்காயத்துக்குள் கொத்திறைச்சி அடைத்து, ரௌஹ்பியர்க் குழம்போடு தருவார்கள். போகிறவர்கள் விட வேண்டாம்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 24

இன்று காய்ச்சினேன். மூட்டைத் தேதி மூன்று மாதம் பழசு. டீ போட்டுப் பார்த்து, மென்மையாகத் தெரிந்ததால் 80 சதவீதத்துக்குப் போனேன்: பீச் மால்ட் 4 கிலோ, மியூனிக் 700 கிராம், காராமியூனிக் 250, கராஃபா 50. மற்றதெல்லாம் பழையபடி. மாஷ் பிஎச் 5.4. அடர்த்தி 1.053.

வீடு முழுக்க மணம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன சமையல் என்று கேட்டார். ஒரே கவலை, ஹைட்ரோமீட்டர் மாதிரியை ருசித்தபோது புகையே தெரியவில்லை. மறுபடி ஏமாந்துவிட்டேனா?

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | நவம்பர் 25

நாள் முழுக்க அந்தப் புகையிலேயே நின்றால் மூக்கு மரத்துப்போகும். காய்ச்சின ஆள் அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து வந்தவரிடம் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கனவே சொல்லிவிட்டாரே.

---

கறார்பேர்வழி | சிங்கப்பூர் | நவம்பர் 25

வோர்ட்டை (கொதித்த மால்ட் சாறு) எதில் ஆற வைத்தீர்கள்? இங்கே குழாய்த் தண்ணீரே 28 டிகிரி. ஐஸ் வாளிக்குள் பம்பு போட்டுச் சுற்ற விட்டும் 18க்குக் கீழே போகாது. மிச்சத்துக்கு ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில்தான் ஈஸ்ட் போடுவேன்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | நவம்பர் 25

நவம்பர் குளிர் உதவியது. குழாயில் 12 டிகிரி, மிச்சம் கொல்லைப்புறம்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | பிப்ரவரி 12

ஏழு வாரம் ஒன்றரை டிகிரியில் வைத்திருந்து நேற்று திறந்தேன். முடிவு 1.013, கணக்குப்படி 5.2 சதவீதம். தாமிர நிறம், பளிங்கு மாதிரித் தெளிவு.

பிளாஸ்திரி இல்லை. டெட்டால் இல்லை. முதலில் ஹாம், பின்னாலேயே ரொட்டித் தோல், கடைசியில் அடங்கின கசப்பு. ஷ்லென்கெர்லா பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இரண்டையும் பெயர் மறைத்து மனைவியிடம் கொடுத்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டாள், என்னுடையதில் புகை பாதிதான். ஆனால் இரண்டையும் முழுக்கக் குடித்தாள். எனக்குத் தோன்றின குறை புகையில் இல்லை, உடம்பில். பாம்பெர்க் பீர் வாயில் உட்காருகிறது, என்னுடையது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | பிப்ரவரி 12

கேட்கச் சந்தோசம் தம்பி. உடம்புக்கு ஒரு வழி: டிகாக்ஷன். ஷ்லென்கெர்லாவில் இன்றைக்கும் அப்படித்தான். மாஷில் கெட்டியான பகுதியில் மூன்றில் ஒரு பங்கை அள்ளித் தனிச் சட்டியில் 72 டிகிரியில் கால் மணி வைத்து, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டுத் திரும்ப ஊற்ற வேண்டும். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேணும், கஞ்சி காய்ச்சுகிற மாதிரி. ஹாப்ஸ்கொடி இதைத் தேவையில்லாத வேலை என்பார்.

---

ஹாப்ஸ்கொடி | மெல்பர்ன் | பிப்ரவரி 13

தேவையில்லாத வேலைதான். மாஷை 69 டிகிரிக்கு ஏற்றினால் முக்கால்வாசி கிடைத்துவிடும். மிச்சக் கால்வாசிக்காக ஒரு மணி நேரம் கிண்ட எனக்குத் தோள் இல்லை.

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | பிப்ரவரி 13

அந்தக் கால்வாசிதான் பிள்ளை பாம்பேர்க்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | பிப்ரவரி 20

இன்னொரு பிரச்சினை. டிசம்பரில் இந்தப் புகை பீரின் அடியில் இருந்த ஈஸ்ட்டை எடுத்து, சாதாரண வெள்ளை லாகர் ஒன்று காய்ச்சினேன். பில்ஸ்னர் மால்ட் மட்டும், புகை மால்ட் ஒரு மணி கூட இல்லை. இன்று திறந்தால் மெலிதாகப் புகை! பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லையா? கெட்டுவிட்டதா?

---

பெக்னிட்ஸ்கரை | நியூரம்பேர்க் | பிப்ரவரி 20

கெடவில்லை. ஈஸ்ட் புகையைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது. ஷ்லென்கெர்லாவில் ஹெல்லெஸ் என்று ஒரு வெள்ளை லாகர் விற்கிறார்கள், 4.3 சதவீதம். அதிலும் புகை மால்ட் கிடையாது. அதே கொப்பரை, அதே ஈஸ்ட், அதனால் வரும் வாசம் மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறோம்.

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | பிப்ரவரி 20

ஆக, கழுவாத பாத்திரம் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பாட்டிலில் ஹெல்லெஸ் என்று எழுதி ஒட்டிவிடுகிறேன்.

---

வேடிக்கை மட்டும் | கோயம்புத்தூர் | பிப்ரவரி 21

அந்த ஐம்பது பாட்டில் ஐலா லாகர் என்ன ஆயிற்று?

---

நுரைமீசை | நியூ ஜெர்சி | பிப்ரவரி 21

கறாரண்ணன் சொன்னபடி ஸ்டௌட்டில் கலந்து முப்பத்தெட்டு தீர்ந்தது. நிஜமாகவே நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு மிச்சம். விஸ்கி பிரியரான பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒன்று கேட்டு வாங்கிப் போகிறார். மறுபடி எப்போது காய்ச்சுவீர்கள் என்றும் கேட்கிறார்.